ஏழாம் அத்தியாயம்: கிட்டார் மரத்துக்குப் பளபளப்பு ஏற்றுவது

1963 ஆகஸ்டில், லண்டனை ஒட்டிய ஃபெல்தமில், பதினாறு வயது பிரையன் மே தன் தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்யத் தொடங்கினார். ஃபெண்டர் கிட்டார் வாங்கக் கையில் காசு இல்லை. பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டம் ஒன்று நெக் ஆனது. அதில் புழு அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி செருகி அடைத்தார்கள். பாடிக்கு ஓக், பிளாக்போர்டு, மேலே மகோகனி வெனீர். கடைசியில் ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் கோட்டிங் என்ற இரட்டைக் கலவைப் பூச்சை அடுக்கடுக்காக ஏற்றித் தேய்த்தார்கள். வீட்டு மேசை நாற்காலிக்குப் பூசும் சரக்குதான் அது. குவீன் இசைக்குழுவின் பாடல்களில் ஒலிக்கும் 'ரெட் ஸ்பெஷல்' அப்படிப் பிறந்தது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ராக் கிட்டாரிஸ்ட் எடி வேன் ஹேலன் 50 டாலருக்கு ஒரு ஆஷ் மரப் பாடியையும் 80 டாலருக்கு ஒரு நெக்கையும் வாங்கி இணைத்தார். கறுப்பு அடித்து, நாடா ஒட்டி, வெள்ளை அடித்து, நாடாவை உரித்தார். 1979-ல் அதன்மேலேயே மறுபடி நாடா ஒட்டிச் சிவப்பு ஏற்றினார். பெயின்ட், ஷ்வின் சைக்கிளுக்கு அடிப்பது. 2019-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் நடத்திய ராக் இசைக்கருவிக் கண்காட்சியில் அந்தக் கிட்டாரும் இடம்பெற்றது.

ஆக, எந்த டப்பாவிலிருந்து பெயின்ட் வந்தது என்பது பெரிய விஷயமில்லை. பளபளப்பு டப்பாவுக்குள் இருப்பதில்லை. ஒரு பரப்பு எந்த அளவுக்குச் சமமாக இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் ஒளியைச் சிதறாமல் திருப்பும். டியூப்லைட்டின் பிம்பம் கிட்டார் முகத்தில் நேர்கோடாக விழுந்தால் வேலை முடிந்தது. நெளிந்தால் அடியில் எங்கோ மேடு பள்ளம் இருக்கிறது. அதை மரத்திலேயே போக்கினால் சில நிமிட வேலை. பிரைமரில் போக்கினால் அரை நாள். கிளியர் கோட்டிங் அடித்த பிறகு கண்டுபிடித்தால், பல சமயம் மறுபடி மரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் பெயின்ட்டைவிட உப்புத்தாள் அதிக இடம் பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

எந்தப் பெயின்ட்?

ஃபெண்டரின் புகழ்பெற்ற நிறங்கள் கார்களிலிருந்து வந்தவை. டூபான்ட் நிறுவனம் 1920களில் கார்களுக்காகக் கொண்டுவந்த டூகோ நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரையும், பின்னர் வந்த லூசைட் அக்ரிலிக் லாக்கரையும்தான் ஃபெண்டரின் ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலை பயன்படுத்தியது. ஃபியெஸ்டா ரெட், 1956-ம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்டின் நிறம். லேக் பிளாசிட் ப்ளூ, 1958-ம் ஆண்டு காடிலாக்கின் நிறம். கார் டச்-அப் ஸ்பிரே விற்கும் கடையில் கிட்டாருக்கான நிறத்தைத் தேடுவது குறுக்குவழி இல்லை. தொழிற்சாலையே போன வழி.

கடையில் கிடைப்பவை மூன்று குடும்பங்கள். முதலாவது, லாக்கர். என்.சி. லாக்கர் என்று தச்சர்கள் கேட்டு வாங்கும் நைட்ரோசெல்லுலோஸும், டச்-அப் ஸ்பிரேக்களில் பலவற்றில் இருக்கும் அக்ரிலிக்கும் இதில் சேரும். கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே இது காய்கிறது. புதிய கோட்டிங் பழையதைச் சற்றுக் கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடும். ஆகவே பிழை திருத்துவது எளிது. குறை, நாளடைவில் நைட்ரோ மஞ்சளாவது. பழைய லேக் பிளாசிட் ப்ளூ கிட்டார்கள் சில பச்சையாகத் தெரிவதும், ஒலிம்பிக் ஒயிட் பாலாடை நிறத்துக்கு வருவதும் மேலே இருக்கும் கிளியரின் வேலை.

இரண்டாவது, ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பாலியூரித்தேன். கார் பட்டறைகளில் இன்று புழங்குவது இதுதான். வேதிவினையால் இறுகுகிறது, சில கோட்டிங்கிலேயே கனம் ஏறுகிறது, பளபளப்பும் நிலைத்து நிற்கிறது. ஆனால் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியும் ஸ்பிரே சாவடியும் இல்லாத வீட்டில் இதை அடிக்கக் கூடாது. பாடியைத் தயார்செய்து, அடிக்கும் வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்து வாங்குவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, ஹார்டுவேர் கடையில் கதவு, ஜன்னலுக்கு விற்கும் சிந்தெடிக் எனாமல். விலை குறைவு. ஆனால் மெதுவாகக் காய்கிறது. பல வாரம் நகம் பட்டாலே தடம் விழும். அதன்மேல் லாக்கர் அடித்தால் தின்னர் எனாமலைக் கிளறி, பரப்பு முழுக்கச் சுருங்கிவிடும். சீலர், பிரைமர், நிறம், கிளியர் நான்கும் ஒரே குடும்பமாக இருப்பது பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் அதே மரத்தின் துண்டொன்றில் எல்லாவற்றையும் அடித்துப் பார்த்துவிட்டே பாடியைத் தொட வேண்டும்.

பூட்டிப் பார்த்து, பிரித்து, தேய்ப்பது

பெயின்ட்டுக்கு முன்பே கிட்டாரை ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பார்க்க வேண்டும். பிரிட்ஜ், பிக்கப், டியூனர், ஸ்ட்ராப் பொத்தான் என எல்லாத் துளைகளும் இப்போதே போட்டாக வேண்டும். பளபளக்கும் பரப்பில் டிரில் பிட் ஒருமுறை வழுக்கினால் உழைப்பு முழுதும் வீண்.

எல்லா இடத்திலும் பெயின்ட் ஏறவும் கூடாது. நெக் உட்காரும் குழியில் பூச்சு கனத்தால் நெக் இறங்காது, கோணமும் மாறும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். அக்கூஸ்டிக் கிட்டாரின் பிரிட்ஜைப் பசை தாங்குகிறது. பசை மரத்தைப் பிடிக்குமே தவிர லாக்கரை நம்பி நிற்காது. ஆகவே அந்த இடம் வெறும் மரமாகவே இருக்க வேண்டும். ஈட்டி, எபனி மர ஃபிரெட்போர்டுகளுக்குப் பூச்சு தேவையில்லை, மேப்பிளுக்கு உண்டு. நெக்கின் பின்புறம் பளபளத்தால் வியர்வையில் கட்டைவிரல் ஒட்டும் என்பதால் பலர் அங்கே மட்டும் மேட் ஆக விடுகிறார்கள்.

தேய்ப்பதற்கு முன் ஓரங்களைக் கவனிக்க வேண்டும். கூரான விளிம்பில் பெயின்ட் நிற்காமல் இரு பக்கமும் விலகிப்போகும். பிறகு தேய்க்கும்போது மரம் முதலில் வெளிவருவதும் அங்கேதான். விளிம்பைக் குறைந்தது 3 மி.மீ. ஆரத்துக்காவது உருட்டிவிடுவது நல்லது. மரத்தில் அடிபட்டு அமுங்கிய பள்ளங்களை இழைத்து எடுக்கத் தேவையில்லை. ஈரத் துணியை வைத்து அதன்மேல் இஸ்திரிப் பெட்டியின் முனையை அழுத்தினால் ஆவி ஏறி நார் உப்பி மேலே வரும்.

உப்புத்தாள் 120 நம்பரில் தொடங்கி 180, 220 என்று போகும். ரப்பர் அல்லது கார்க் கட்டையில் சுற்றி, மர ரேகை வாக்கில் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளமாகும். அப்போது கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பு ஏறியதும் அலையலையாகத் தெரியும். 120 விட்ட கீறலை 180 முழுதாக எடுத்த பிறகே அடுத்த தாளுக்கு மாற வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாடியைச் சாய்த்துப் பார்த்தால் மிச்சக் கீறல் காட்டிக்கொடுக்கும். கடைசியில் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் எழும்பும் நாரை 220-ஆல் லேசாக நீவிவிட்டால், பின்னால் பெயின்ட்டின் ஈரத்தில் அது எழும்பாது.

மரத்தின் துளைகளை அடைப்பது

பாதிப் பேர் சறுக்கும் கட்டம் இது. மகோகனி, ஆஷ், தேக்கு, ஈட்டி, வீணைக்குப் பயன்படும் பலா எல்லாம் திறந்த துளை மரங்கள். எவ்வளவு நுணுக்கமாகத் தேய்த்தாலும் நுண்குழிகள் இருந்தே தீரும். ஆல்டர், மேப்பிள், பாஸ்வுட் ஆகியவை மூடிய துளை மரங்கள். ஃபெண்டர் 1956 வாக்கில் பெரும்பாலான பாடிகளை ஆஷிலிருந்து ஆல்டருக்கு மாற்றி, ரேகை தெரிய வேண்டிய ப்ளாண்ட் நிறத்துக்கு மட்டும் ஆஷை வைத்துக்கொண்டது. ஆல்டரில் துளை அடைக்கும் வேலை மிகக் குறைவு.

திறந்த துளை மரமென்றால் முதலில் ஒரு கோட்டிங் சீலர். காய்ந்ததும் கிரெய்ன் ஃபில்லரை ரேகைக்குக் குறுக்கே, பழைய ஏ.டி.எம். கார்டு போன்ற ஒன்றால் அழுத்தி வழித்து எடுக்க வேண்டும். துளைக்குள் போனது தங்கும், மேலே நின்றது வரும். மறுநாள் 220-ஆல் தேய்த்து இரண்டாம் முறை. நிறம் மரத்தை மறைக்கப் போகிறது என்றால் மெல்லிய எபாக்ஸியும் நன்றாக வேலை செய்யும். அது நைட்ரோ ஃபில்லரைவிடக் குறைவாகவே சுருங்கும். பாடியின் குறுக்குவெட்டு முகங்கள் உறிஞ்சுகுழல் கட்டு மாதிரி பூச்சைக் குடிக்கும். அங்கே சீலர் இரண்டு மூன்று முறை கூடுதலாகப் போக வேண்டும்.

தேக்கிலும் ஈட்டியிலும் இன்னொரு தொல்லை, எண்ணெய். அதன்மேல் லாக்கர் பிடிக்காது, காயவும் தாமதிக்கும். அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே மெழுகு நீக்கிய ஷெல்லாக் ஒரு கோட்டிங் கொடுப்பது பழகிய தீர்வு. ஸ்பானிய கிட்டார்களுக்கு ஃபிரெஞ்சு பாலிஷாக ஏறும் அதே அரக்குதான் இது. அடியில் எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும், மேலே லாக்கருக்கும் இடம் கொடுக்கும்.

பிரைமர் காட்டிக்கொடுப்பது

இரண்டு மூன்று கோட்டிங் பிரைமர் அடித்துக் காய்ந்ததும், ஒரு கறுப்பு ஸ்பிரேயைத் தொலைவிலிருந்து தூறலாகத் தூவ வேண்டும். பிறகு கட்டை சுற்றிய 400 நம்பர் தாளால் நிதானமாகத் தேய்க்க வேண்டும். மேட்டிலிருந்த கறுப்பு போய்விடும். பள்ளத்திலிருப்பது புள்ளியாக நிற்கும். கார் பட்டறைக்காரர்கள் கதவு நெளிவைக் கண்டுபிடிக்கும் உத்தி இது. புள்ளி நின்ற இடத்தில் கொஞ்சம் பட்டி பார்த்து, மறுபடி பிரைமர், மறுபடி தூறல். கறுப்பு எங்கும் மிஞ்சாமல் போகும்வரை நிறத்தைத் திறக்கக் கூடாது.

இந்தக் கட்டம்வரை உலர்ந்த தேய்ப்பு மட்டுமே. துளைகள் வழியாக நீர் மரத்துக்குள் போனால் மரம் உப்பி, பூச்சு விரிசல் விடும்.

நிறம்

பாடியைப் பிடிக்க நெக் குழியில் ஒரு கட்டையைத் திருகிக் கைப்பிடி ஆக்கிக்கொண்டால் திருப்பி அடிக்கலாம், கொடியில் மாட்டியும் காயவைக்கலாம். 1950களில் ஃபெண்டர் தொழிலாளர்கள் பாடியின் முகத்தில் சிறு ஆணிகள் அடித்து அவற்றின்மேல் கவிழ்த்து வைத்துக் காயவிட்டார்கள். இன்று பழைய கிட்டார் அசலா என்று சோதிப்பவர்கள் தேடும் அடையாளங்களில் அந்த ஆணித் தடங்களும் உண்டு.

ஸ்பிரே டப்பாவை உள்ளே குண்டு சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். தூரம் 20 முதல் 25 செ.மீ. பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபுறம் தாண்டிய பிறகே விரலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். விளிம்புகள் முதலில், முகம் பிறகு. முதல் கோட்டிங் அடி தெரியும்படி மெல்லியதாக இருந்தால் போதும். ஒரே கோட்டிங்கில் மூட நினைத்தால் வழியும். டப்பாவில் எழுதியுள்ள இடைவெளி விட்டு மூன்று நான்கு கோட்டிங்.

சிவப்பு, மஞ்சள் போன்ற நிறங்களுக்கு வெள்ளை அடித்தளம் தெளிவைக் கூட்டும். கேண்டி ஆப்பிள் ரெட் மாதிரியான நிறம் வேண்டுமென்றால் கீழே வெள்ளி அல்லது பொன் மெட்டாலிக், மேலே ஊடுருவித் தெரியும் சிவப்பு. மெட்டாலிக் கோட்டிங்கைத் தேய்க்கக் கூடாது. உலோகத் துகள் சாய்ந்து கோடு விழும். குறை இருந்தால் கிளியர் ஏறிய பிறகு அந்தக் கிளியரில்தான் திருத்த வேண்டும்.

கோடு போட விரும்புபவர்கள் அடிநிறம் நன்றாக இறுகிய பிறகு நாடா ஒட்ட வேண்டும். மேல்நிறம் முழுதும் இறுகுமுன், நாடாவைத் தன்மேலேயே மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். ஹெட்ஸ்டாக்கில் பெயரோ முத்திரையோ ஒட்டுவதானால் நேரம் இதுதான், கிளியருக்கு முன்.

மழைக்காலமும் நெருப்பும்

லாக்கரின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து பூச்சுக்குள் சிக்கிப் பால் போல வெளுத்துவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இது அடிக்கடி நேரும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் போனால் அன்று தேய்ப்பு வேலையைப் பார்க்கலாம். மற்ற நாட்களில் வெயில் ஏறிய முற்பகலில் தொடங்கி, பிற்பகல் பாதியில் முடித்துக்கொள்வது நல்லது. நேரடி வெயில் கூடாது. மேற்பரப்பு முந்திக் காய்ந்து குமிழ் விடும்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து பக்கத்து அறையின் பூஜை விளக்கையோ கேஸ் அடுப்பையோ தொட்டுவிடும். ஃபிரிட்ஜ், சுவிட்சு பொறிகூடப் போதும். மொட்டை மாடி அல்லது திறந்த தாழ்வாரமே ஏற்ற இடம். கைக்குட்டையும் தூசி முகமூடியும் ஆவியைத் தடுக்காது. கரியமிட்ட ஆர்கானிக் வேப்பர் காட்ரிட்ஜ் மாட்டிய முகமூடி வேண்டும். தேய்த்த நைட்ரோத் தூளும் எளிதில் பற்றும். கூட்டி மூலையில் வைக்கக் கூடாது.

கிளியரும் காத்திருப்பும்

ஸ்பிரே டப்பா நைட்ரோவென்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு கோட்டிங் வரை போகும். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். மூன்று நான்கு கோட்டிங்குக்கு ஒருமுறை 600 நம்பரால் லேசாகச் சமன்செய்துகொண்டே போனால் கடைசித் தேய்ப்பு சுலபம். எல்லாம் முடிந்து பாலிஷும் போட்ட பிறகு நிற்கும் பூச்சின் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே வரும். அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகையில் அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. அந்தப் பலகை அதிர வேண்டும்.

பிறகு காத்திருப்பு. தொட்டால் ஒட்டாது என்பதற்காகக் காய்ந்துவிட்டதென்று பொருளில்லை. உள்ளே மிஞ்சிய கரைப்பான் வெளியேற வெளியேறப் பூச்சு சுருங்கி, சரியாக அடைபடாத துளைக்குள் இறங்கும். அவசரப்பட்டுப் பாலிஷ் போட்ட கிட்டாரில் ஒரு மாதம் கழித்து மர ரேகை மறுபடி எட்டிப்பார்ப்பது இதனால்தான். நைட்ரோவுக்கு மூன்று நான்கு வாரம் வேண்டும். மூக்கை அருகில் வைத்தால் தின்னர் வாசனை வருகிறதென்றால் இன்னும் காயவில்லை.

தேய்த்தால்தான் ஒளி

இப்போதுதான் தண்ணீர். ஸ்க்ரூத் துளைகளில் மெழுகு அடைத்துவிட்டு, ஊறவைத்த வாட்டர் பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்பு ஒரு சொட்டு விட்ட நீரில் நனைத்து 1000 நம்பரில் தொடங்க வேண்டும். அடிக்கடி துடைத்துப் பார்த்தால் மங்கிய பரப்புக்கு நடுவே பளபளக்கும் புள்ளிகள் தெரியும். அவை தாள் இன்னும் தொடாத பள்ளங்கள். முழுப் பரப்பும் ஒரே சீராக மங்கியதும் நிறுத்திவிட்டு 1200, 1500, 2000 என்று மாற வேண்டும். துடைக்கும் நீரில் நிறம் கலந்தால் கிளியர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். விளிம்புகளைக் கட்டையில்லாமல், கடைசியில், 2000-ஆல் மட்டும் தொட்டால் போதும்.

2000 முடிந்ததும் ரப்பிங் காம்பவுண்டைப் பஞ்சுத்துணியால் அழுத்தித் தேய்த்து, பிறகு மென்மையான பாலிஷ். டிரில்லில் ஸ்பாஞ்சு தட்டு மாட்டியும் செய்யலாம். வேகம் குறைவாக இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. சூடேறினால் லாக்கர் இளகி இழுபடும். பாலிஷில் சிலிக்கோன் இல்லாதிருப்பது முக்கியம். பின்னாளில் அங்கே மறுபூச்சு தேவைப்பட்டால் பிடிக்காது.

கோளாறும் மருந்தும்

ஆரஞ்சுத்தோல் போன்ற சொரசொரப்பு: டப்பா தூரமாகப் போனது அல்லது துளிகள் வழியிலேயே காய்ந்தது. கிளியரில் வந்தால் வாட்டர் பேப்பரில் போய்விடும்.

வழிசல்: ஈரமாக இருக்கும்போது தொடக் கூடாது. நன்றாக இறுகிய பிறகு பிளேடால் மட்டமாகச் சீவி, சமன்செய்து தொடரலாம்.

மீன்கண் போன்ற குழிகள்: கைரேகை எண்ணெய், சிலிக்கோன், மெழுகு. தேய்த்துவிட்டு, எண்ணெய் நீக்கும் கரைப்பானால் துடைத்து, மறுபடி. முதல் நாளிலிருந்தே சுத்தமான கையுறை போட்டுக்கொண்டால் இது வருவது குறையும்.

பால் வெளுப்பு: உலர்ந்த நாளில், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரையோ கிளியரையோ மெல்லிய புகைபோல அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சுருக்கம்: குடும்பம் மாறிய பெயின்ட். தப்ப வழியில்லை, சுரண்டி மரத்துக்கே போக வேண்டும்.

சிறு சில்லு, குழி: அதே லாக்கரை ஊசி முனையால் சொட்டு விட்டு, ஒவ்வொரு சொட்டும் காய்ந்த பிறகு அடுத்தது. மேடானதும் பிளேடால் சீவித் தேய்க்கலாம்.

மறுபடி பூட்டுவது

ஸ்க்ரூத் துளைகளின் வாயில் சேர்ந்திருக்கும் பூச்சைக் கையால் சுற்றும் கவுன்ட்டர்சிங்க் பிட்டால் சற்று அகலமாக எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்க்ரூவின் மரை லாக்கரைக் கவ்வித் தூக்கி நட்சத்திர விரிசல் விடும். ஸ்க்ரூ நுனியில் கொஞ்சம் மெழுகுவத்தி தடவிக்கொள்வது நல்லது. டியூனர் நட்டுகளை முதல் தடவை மெதுவாக இறுக்கி, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நைட்ரோ பூசிய கிட்டாரை ரப்பர் பூண் போட்ட ஸ்டாண்டில் நேரடியாக மாட்டினால் ரப்பர் லாக்கரை இளக்கித் தடம் பதிக்கும். பூண்களைப் பருத்தித் துணியால் சுற்றிவிட்டு மாட்டலாம்.